ஆலயக் கூரைத் திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்குத் திருப்பணிக் கமிட்டியின் ஸ்தோத்திரம்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ஓடு இறக்கத் தொடங்கிய வேலை, அறுப்பின் பண்டிகைக்கு முன்பே கர்த்தருடைய கிருபையால் முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு, ஞாயிறு ஆராதனைக்குப் பின் வரி வரியாக வாசிக்கப்பட்டது. அதன் நகல் ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. யாரும் எப்போதும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆகவே இங்கே பணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஊரில் இருந்தவர்கள் வேலையைக் கண்ணால் பார்த்தார்கள். சென்னையிலும் தாராவியிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு காணிக்கை அனுப்பியவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோக்களை மட்டுமே பார்த்தார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் என்ன கெட்டிருந்தது என்று சொல்லிவிடுகிறோம். பீடத்துக்கு வலப்புறம் ஒழுகுவது புதிதல்ல, வாளி வைத்துக்கொண்டு ஆராதனை நடத்திப் பழகியிருந்தோம். ஓட்டைக் கழற்றிய பிறகுதான் ஒழுகல் சின்ன விஷயம் என்று தெரிந்தது. சுவரில் உட்காரும் முனையில், கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகள் பலவற்றைக் கரையான் தின்றிருந்தது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். சுவரும் அப்படித்தான். முந்தைய பழுதுபார்ப்பில் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, தட்டின இடமெல்லாம் பொத்தென்று கேட்டது.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடலாம், மொத்த வேலையையும் காண்டிராக்டில் விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது. கமிட்டியிலேயே பாதிப் பேருக்கு அது சரி என்றுதான் பட்டது. சபைக் கூட்டத்தில் எழுந்த பெரியவர் ஒருவர் சொன்னதுதான் மனதை மாற்றியது. "காசக் குடுத்துட்டு எல்லாரும் வீட்ல இருந்துட்டா, அது யாரோ கட்டுன கோயிலாப் போயிரும்யா" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் மட்டும் கூலி, மற்றதெல்லாம் சபையார் கையால் என்று தீர்மானம் ஆனது.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போன சபைத் தேர்தலுக்குப் பிறகு மேலத்தெருவும் கீழத்தெருவும் எப்படி இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆராதனை முடிந்தால் ஒரு தெரு தெற்கு வாசல் வழியாகப் போகும், மற்றது மேற்கு வாசல் வழியாகப் போகும். அசனம் என்கிற சபை விருந்தில் ஒரு தெருவார் சமையலை முன்னின்று செய்தால், மறு தெருவில் பல குடும்பங்கள் பந்திக்கே வரவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் இருந்தோம். இந்த நிலையில் திருப்பணியா என்று சிலர் கேட்டார்கள். முதலில் சமாதானம் ஆகட்டும், அப்புறம் வேலை என்றார்கள். அதற்காகக் காத்திருந்தால் கூரை நம் தலையில்தான் விழுந்திருக்கும்.

அதனால் வேலையைப் பிரிக்கும்போதே ஒரு ஏற்பாடு செய்தோம். ஓடு, மரம், சுண்ணாம்பு, சாப்பாடு, கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர் பொறுப்பு. இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பில் பாஸாகும். கையெழுத்துக்காகவாவது ஒருவர் வீட்டு வாசலுக்கு ஒருவர் போக வேண்டும் அல்லவா? முதல் இரண்டு வாரம் பிள்ளைகளிடம் பில்லைக் கொடுத்தனுப்பினார்கள். மூன்றாம் வாரம் சுண்ணாம்பு லோடு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். தாமே போக வேண்டியதாயிற்று. போனவர் காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

வேலை தொடங்கிய ஞாயிறு நம் சபைக் குருவானவர் ஐயரவர்கள் வேதாகமத்தில் நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தார்கள். பெயர்களாகவே இருக்கிற அதிகாரம், சாதாரணமாக யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. எருசலேம் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், யார் யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. தட்டான் கட்டுகிறான், தைலக்காரன் கட்டுகிறான், சல்லூமும் அவன் குமாரத்திகளும் கட்டுகிறார்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற பங்கைக் கட்டுகிறார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் குனியவில்லை என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த இடம் வந்தபோது ஆலயத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஓடு இறக்கிய அந்தச் சனிக்கிழமையை மறக்க முடியாது. கூரையிலிருந்து வேப்பமரம் வரை வரிசையாக நின்று கைமாற்றினோம். வரிசையில் நமக்கு அடுத்து யார் நிற்பார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. பேசாதவன் கையிலிருந்து வாங்கி, பேசாதவன் கையில் கொடுக்க வேண்டும். "பிடி", "விடு", "மெதுவா" என்று மூன்று வார்த்தையாவது பேசித்தான் ஆக வேண்டும். கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டி ஒவ்வொரு ஓட்டையும் காதருகே வைத்து ஒரு சின்னக் கல்லால் தட்டினார்கள். கணீரென்று கேட்டால் வலப்பக்கம், மொத்தென்று கேட்டால் இடப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறலும் அவர்கள் காதுக்குத் தப்பவில்லை. வலப்பக்கத்து ஓடுகளின் பாசியை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார்கள். 3,000 ஓடுகளுக்கு மேல் மறுபடியும் கூரை ஏறிவிட்டன. புதிதாக வாங்கியது கொஞ்சம்தான்.

கழுவிய பிள்ளைகள்தான் ஓட்டின் அடியில் அச்சைக் கண்டுபிடித்தார்கள். பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று ஆங்கிலத்தில் இருந்தது. "நம்ம கோயில் 1865-ல் கட்டினது" என்று ஓடிவந்தார்கள். உண்மையில் அது மங்களூரில் அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பின்னால் செய்த ஓடுகளிலும் அதே ஆண்டைத்தான் அச்சிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் லுத்தரன் சபையாரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து நடத்திய மிஷன் அது. நம் ஆலயத்தைக் கட்டியவர்கள் ஆங்கிலிக்கன்கள். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் அந்த ஆங்கிலிக்கன்களே சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இரண்டு மிஷன்களாக வேலை செய்து, 1896-ல்தான் ஒரே பேராயரின் கீழ் வந்தார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் நம் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சபைகள் ஒன்றாவதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் சுவரின் மேல் இன்னொருவர் ஓடு ஏறிவிட்டது என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது. அச்சு தெளிவாக இருக்கும் ஓடு ஒன்றை, குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் வைத்திருக்கிறோம்.

பனங்கை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், அது நல்ல விதிதான். இடித்த பழைய வீடுகளில் வைரம் பாய்ந்த பனங்கைகளைத் தேடி வாங்கினோம். தன் பூர்வீக வீட்டுக் கைமரங்களை அப்படியே கொடுத்த குடும்பமும் உண்டு.

சுண்ணாம்பு வேலைக்கு வந்த கொத்தனார் நம் சபையார் அல்ல, பக்கத்து ஊர்க்காரர். அவர்கள் கோயில் கொடைக்கு மூன்று நாள் லீவு கேட்டார், சந்தோஷமாகக் கொடுத்தோம். சுண்ணாம்பின் பக்குவம் அவருக்குத்தான் தெரியும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து, மணலோடு அரைக்க வேண்டும். கருப்பட்டி முழுவதும் வீடு வீடாக வந்தது. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கும் காணிக்கைப் பிடியரிசி போலவே பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாராவாரம் சேர்த்தார்கள். அரவைக்கு மெஷின் வாடகைக்கு வந்தாலும், அள்ளுவதும் சுமப்பதும் பெரும்பாலும் அவர்களே. இந்தத் திருப்பணியின் முதுகெலும்பு அவர்கள்தான், முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

ஒரு தவறு நடந்தது, அது கமிட்டியின் தவறு. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், இன்னும் ஊறட்டும் என்று கொத்தனார் சொன்னதைக் கேட்காமல் வடக்குச் சுவரைப் பூசச் சொன்னோம். பத்து நாளில் பூச்சு அம்மை போட்டதுபோல் பொரிந்தது. நீறாத துகள்கள் சுவருக்குள் போன பிறகு ஈரம் பட்டு உப்பியிருக்கின்றன. சுவர் முழுவதையும் கொத்தி எடுத்து மறுபடியும் பூசினோம். வீணான பொருளும் கூலியும் கணக்கில் தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதைச் சபைக்கு முன் அறிவித்த ஞாயிறு, எந்தத் தெருவின் குற்றம் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை கொத்துவதற்கு இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வந்து நின்றார்கள். கமிட்டிக்கு அன்று கண் கலங்கியது.

உபயம் எழுதுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய தொகை அனுப்பிய சிலர் கல்வெட்டு வேண்டும் என்றார்கள். நிறைய யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஓடு தட்டிய பாட்டியின் பெயரை எந்த அளவு எழுத்தில் வெட்டுவது? கொடுத்தவர், உழைத்தவர், கருப்பட்டி தந்தவர், ஒரு வேளை கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் எல்லோர் பெயரும் ஒரே நோட்டில் வரிசையின்றி எழுதி வெஸ்ட்ரியில் வைக்கப்பட்டுள்ளது. விட்டுப்போன பெயர் இருந்தால் சொல்லுங்கள். இதில் மனவருத்தப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், ஆனால் முடிவு சரி என்றே நம்புகிறோம்.

பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் இந்த வருஷம் பந்தி கலந்தே உட்கார்ந்தது. எல்லா மனஸ்தாபமும் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எழுத மாட்டோம். இரண்டு குடும்பங்கள் இன்னும் வரவில்லை. ஐயரவர்களும் மூப்பர்களும் அவர்கள் வீட்டுக்குப் போய்வருகிறார்கள், நீங்களும் போங்கள்.

மணிக்கூண்டுப் படிக்கட்டு மட்டும் பாக்கி. அது கிறிஸ்துமஸ் கழிந்துதான். அதற்கான சுண்ணாம்பு தொட்டியில் இருக்கிறது, மேலே தண்ணீர் நின்றால் ஊற ஊற நன்றாகும். காயவிடக் கூடாது. இந்த வாரம் தண்ணீர் ஊற்றுவது மேலத்தெரு, அடுத்த வாரம் கீழத்தெரு. சாவி ஆலயப் பணியாளர் கோயில்பிள்ளையிடம் இருக்கிறது.

கர்த்தருடைய பணியில்,
திருப்பணிக் கமிட்டியார்