கடைவீதி வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சேலம் டவுன் கடைவீதியின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்தோம். ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வந்த பக்தர்களுக்கு வழக்கம்போல் நீர்மோர் கொடுத்தோம். வணிகர் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மற்றபடி சங்கத்தின் நேரமெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான் போனது. நம் கடை வாசல்களில் நிற்கும் தள்ளுவண்டிகள், தரைக்கடைகள் பற்றிய தகராறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், முதல் அக்ரஹாரம் தெருப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜவுளிக்கடை வாசலை அடைத்து நைட்டி, பனியன் தரைக்கடை போட்டார்கள். கடைக்காரர் எடுக்கச் சொன்னார், வார்த்தை தடித்தது, கைகலப்பானது, இரு தரப்பும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அந்த உறுப்பினரின் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. அட்வான்ஸ், மாத வாடகை, கமர்ஷியல் மின்கட்டணம், தொழில் வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கட்டுகிறார். அவர் விற்கும் அதே சரக்கு அவர் வாசலிலேயே பாதி விலைக்குப் போகிறது. வருஷம் முழுக்கப் பார்த்திருந்த பத்து நாள் வியாபாரம் அது. மறுநாளே செயற்குழு கூடியது. தெருவை முழுவதும் காலி செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் சங்கத்தின் பெயரில் ரிட் மனு போட வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள்.

மனு தயாரிக்கச் சொல்லி வழக்கறிஞரிடம் போனோம். நம் காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டத்தை மேசையில் வைத்துப் படித்துக் காட்டினார். அன்று அவர் சொன்னதை உறுப்பினர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் முதலில் எழுதியிருந்தது நெரிசல். ஓர் இடத்தில் கூட்டம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக அதை விற்பனை தடை செய்யப்பட்ட பகுதி என்று அறிவிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அடுத்தது குப்பை. அந்தக் குப்பைக்குத் தெருவோர வியாபாரிகள் மட்டுமே காரணம், மாநகராட்சி நடவடிக்கையால் அதைச் சரிசெய்யவே முடியாது என்று நிரூபித்தால்தான் அது காரணமாகும். சின்னக் கடை வீதியில் இரவு ஷட்டர் இறக்கும்போது நாம் வெளியே தள்ளும் அட்டைப் பெட்டியையும் பாலித்தீனையும் வைத்துக்கொண்டு இதை எப்படி நிரூபிப்பது? காலங்காலமாக வாங்குவோரும் விற்போரும் கூடும் இடம் இயல்புச் சந்தை என்று தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் குறிக்கப்பட்டால், அதைத் தடைப்பகுதியாக்க முடியாது. வ.உ.சி. மார்க்கெட்டையும் ராஜகணபதி கோயிலையும் சுற்றிப் பூக்காரர்கள் எத்தனை தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

அந்தக் கணக்கெடுப்பு முடிந்து, தெருவில் விற்க அனுமதிக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானால் முப்பது நாள் நோட்டீஸ் தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளை, உரியவர் கேட்கும் அன்றைக்கே திருப்ப வேண்டும். மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை தெருவோர வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்கிறது சட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 8.29 லட்சம் பேர். அப்படியானால் இருபதாயிரம் பேருக்கு மேல். இடமே இல்லை என்ற வாதம் இந்த எண்ணுக்கு முன் எளிதில் நிற்காது.

நமக்குச் சாதகமாக ஒன்றுமே இல்லையா என்று பொருளாளர் கேட்டார். இருக்கிறது என்றார் வழக்கறிஞர். 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டம் 19(1)(ஜி) தரும் உரிமை என்று ஏற்றது. ஆனால் இன்ன இடம்தான் எனக்கு வேண்டும் என்று நிரந்தரமாகக் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்றும் சொன்னது. ஆகவே நம் வாசலை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று கேட்கலாம், தெருவை விட்டே போங்கள் என்று கேட்க முடியாது. அந்த இடத்தை முடிவுசெய்ய வழிகாட்டுவது நகர விற்பனைக் குழு. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர். உறுப்பினரில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்துப் போலீஸ், குடியிருப்போர் சங்கங்களோடு வணிகர் சங்கங்களுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. நாம் போய் உட்கார வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், சில உறுப்பினர்களுக்குக் கசக்கும். தன் கடை வாசலில் வண்டி போட விட்டு, அதற்குத் தினமும் காசு வாங்குகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்த இடம் அவர்களுடையது அல்ல, பொதுத் தெரு. விற்பனைச் சான்றிதழ் பெற்றவரே அந்த இடத்தை வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் சொல்லும்போது, நமக்கு ஏது அந்த உரிமை? சாக்கடையைத் தாண்டி இழுத்த தகர சீட்டும், படிக்கட்டும், நடைபாதையில் நிறுத்திய பொம்மைகளும் அதே கணக்கில்தான் சேரும். நீதிமன்றம் அளவெடுக்கச் சொன்னால் டேப் முதலில் நம் படியில்தான் விழும். வாசல் காசு வாங்குவதைச் சங்கம் ஏற்காது என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. ஒருமனதாக நிறைவேற்றித் தாருங்கள்.

ரிட் மனுவை நிறுத்திவைத்துவிட்டு, தெருவோர வியாபாரிகளைப் பேச அழைத்தோம். முதல் நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூ விற்கும் ஓர் அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்: "ஏனுங்க தம்பி, பூ வாங்க வர்றவங்கதானுங்க அப்படியே உங்க கடைக்கும் ஏறுறாங்க. எங்களை எடுத்துட்டா அவங்க எதுக்குங்க இந்த வீதிக்கு வரணும்?" பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. தட்டுவடை செட் சாப்பிட வரும் குடும்பம்தான் பாத்திரமும் பையும் வாங்கிப் போகிறது. வீட்டிலிருந்தே போனில் ஆர்டர் போடுகிறவர் இருவருக்குமே வாடிக்கையாளர் இல்லை.

பிறகு சிலவற்றில் உடன்பாடு வந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஷட்டர் அகலத்துக்கு வழி விடுவது. காலையில் சரக்கு வண்டி இறக்கி முடிக்கும் வரை தள்ளுவண்டிகள் ஓரம் கட்டி நிற்பது. ஆம்புலன்ஸ் போகும் அகலத்தை இரு தரப்பும் தொடாமலிருப்பது. நம் உறுப்பினர்கள் போர்டுகளையும் பொம்மைகளையும் உள்ளே எடுப்பது. முதல் அக்ரஹாரத்தில் இது ஓரளவு நடக்கிறது. சின்னக் கடை வீதியில் பொங்கல் கூட்டத்தில் இரு தரப்பும் மீறினார்கள். அதே சரக்கை வாசலில் விற்பது பற்றி இன்னும் உடன்பாடு இல்லை. ஜவுளிக்காரர்களின் மனக்குறை அப்படியே இருக்கிறது.

கணக்கெடுப்பில் நம் வீதிகளைச் சேர்க்கவும், கோடு போட்டு இடம் குறிக்கவும், விற்பனைக் குழுவில் வணிகர் தரப்பில் நம் பெயரைப் பரிசீலிக்கவும் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது சங்கக் கோப்பில் இருக்கிறது. தனிப்பட்ட முறையில் வழக்குப் போட விரும்பும் உறுப்பினரைச் சங்கம் தடுக்காது. சங்கத்தின் பெயரும் நிதியும் அதற்குப் பயன்படக் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் விவாத நேரத்தில் தாராளமாகப் பேசலாம்.

இந்த அறிக்கையைப் பேரவை ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசல் காசு பற்றிய தீர்மானத்தை முன்மொழியத் துணைத்தலைவர் அவர்களை அழைக்கிறேன்.