தொழிற்கூடத்துக்கு அனுப்பினால் மட்டும் பயிற்சியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்கல்லூரிகளும் தொழில் நிறுவனங்களும் கைகோத்து மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், தொழிற்கூடத்தில் மாணவர் எதைக் கற்பார், யாரிடம் கற்பார் என்பதை எழுத்தில் வகுக்காத புரிந்துணர்வு ஒப்பந்தத்தைக் கல்வி என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

இயந்திரவியல் மாணவர் ஒருவர் கணினிக் கட்டளையில் இயங்கும் சிஎன்சி கடைசல் இயந்திரத்தின் முன் மாதக்கணக்கில் நிற்கிறார். உலோகத் துண்டைப் பொருத்துவதும், பொத்தானை அழுத்துவதும், முடிந்த உருப்படியை எடுத்து அடுக்குவதுமே அவர் வேலை. உலோகத்தைச் சீவும் டூல் முனை தேய்ந்து அளவு பிசகும்போது, மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து ஆஃப்செட்டை, அதாவது டூலின் நிலைக்காக இயந்திரத்தில் பதிந்துள்ள அளவைத் திருத்துபவர் வேறொருவர். மாணவர் கற்றாக வேண்டியது அந்தத் திருத்தத்தைத்தான். வருகைப் பதிவேடு நிரம்பிவிடும், சான்றிதழும் கிடைத்துவிடும்; அளவு ஏன் பிசகியது என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. இது அந்த மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி.

ஜெர்மனியில் 1969-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம், பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் பணிகளை மட்டுமே பழகுநருக்குத் தர வேண்டும் என்கிறது. பெரும்பாலும் வாரத்தில் 3 அல்லது 4 நாள் நிறுவனத்திலும் மீதி நாள்கள் தொழிற்பள்ளியிலும் கழிகின்றன. பழகுநருக்கு ஊதியம் உண்டு. அன்றாடம் கற்றதை அவர் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். இறுதித் தேர்வை நடத்தும் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் தொழிற்பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்தே அமர்கிறார்கள். பயிற்சி அளித்த நிறுவனம் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வழியில்லாத இந்த ஏற்பாட்டைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

எல்லாத் திறன்களையும் கற்பிக்கச் சிறு நிறுவனங்களிடம் வசதி இல்லை என்பது நியாயமான வாதம். சுவிட்சர்லாந்தில் தொழில்துறை அமைப்புகள் பொதுவான பயிற்சி மையங்களில் அடிப்படைத் திறன்களைக் கற்பித்து அந்தக் குறையை ஈடுசெய்கின்றன.

கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. மாணவரை அனுப்பிவிட்டு மதிப்பெண் படிவத்துக்காகக் காத்திராமல், விரிவுரையாளர்கள் தொழிற்கூடத்துக்கே சென்று அவரது வேலையைப் பார்வையிட வேண்டும். இனிக் கையெழுத்தாகும் ஒவ்வொரு ஒப்பந்தத்துடனும் வாரவாரியான பயிற்சித் திட்டத்தையும், பொறுப்பேற்கும் மூத்த தொழில்நுட்பரின் பெயரையும் இணைத்து, அதன் நகலை மாணவர் கையில் கொடுக்குமாறு கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிற்கல்வி விரிவுரையாளர் ஒருவர்