பிரிவு எட்டு என்றால் எந்த எட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பணியின் கோப்பைக் கேட்டிருந்தேன், சரியாக முப்பதாவது நாள் ஒரே வரியில் பதில் வந்தது: 'பிரிவு 8(1)-ன்படி வழங்க இயலாது.' எந்தெந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்லும் அந்தப் பிரிவில் அ முதல் ஒ வரை என்கிற மாதிரி பத்து உட்பிரிவுகள் இருக்கின்றன, நாட்டின் பாதுகாப்பும் அதில்தான், வணிக ரகசியமும் அதில்தான். என் கோப்பு எதில் வருகிறது என்று யார் சொல்வது? மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்று அதே சட்டத்தின் 7(8) சொல்கிறது. மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 10. அதை யாரும் தொடுவதே இல்லை, ஏனென்றால் அதற்கு உட்கார்ந்து கோப்பைப் படிக்க வேண்டும்!

இதில் தனிநபர் விவரம் பற்றிய கடைசி உட்பிரிவு 8(1)(j) வேறு. முன்பு பொது நலன் பெரிது என்றால் தனிநபர் விவரத்தையும் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்தது, 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வெட்டி 'தனிப்பட்ட தகவல்' என்று மொட்டையாக விட்டுவிட்டது. சரி, பொது நலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான், ஆனால் உட்பிரிவைக்கூட எழுதாத அலுவலர் பொது நலனை எடைபோட்டுப் பார்ப்பாரா? மேல்முறையீடு செய்திருக்கிறேன். மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டியது அவர்தான், நான் இல்லை, பிரிவு 19(5).

ஒரு வாசகர்