செயலாளரின் ஆண்டறிக்கை: கர்ப்பப்பையின் மூலையிலும் தழும்பிலும் தங்கும் கரு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் என் பணிவான வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால், மாதக் கூட்டங்களில் நாம் அதிகம் விவாதித்த அரிய வகை எக்டோபிக் கர்ப்பங்களை, அதாவது கரு தன் இயல்பான இடத்தை விட்டு வேறிடத்தில் தங்கும் கர்ப்பங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கருக்குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் மூலையில் தங்கும் கரு, எக்டோபிக் கர்ப்பங்களில் நூற்றுக்கு 2 முதல் 4 வரைதான். சுற்றியுள்ள தசை விரிந்து இடம் கொடுப்பதால் பல வாரங்கள் வலியின்றியே கழிந்துவிடலாம். கர்ப்பப்பைத் தமனியும் சினைப்பைத் தமனியும் கூடும் இடம் அது என்பதால், வெடித்துவிட்டால் சிறிது நேரத்திலேயே வயிறு நிறைய இரத்தம் தேங்கிவிடுகிறது.

இவ்வாண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கையில் கரு கர்ப்பப்பைக்குள் இருப்பதாகவே எழுதியிருந்தது. மீண்டும் பார்த்தபோது, கருவுக்கு வெளியே தசை 5 மில்லிமீட்டர்கூட இல்லை. வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பில் வலது மூலை நீலம் பாரித்துப் புடைத்திருந்தது. அடிப்பகுதியில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தான வாசோப்ரெசினை நீர்த்துச் செலுத்தியதும் அவ்விடம் வெளுத்தது. சுற்றிலும் ஒரு சுருக்குத் தையல் போட்டபின் கீறிக் கருவை எடுத்து, தசையை இரண்டு அடுக்காகத் தைத்தோம். வெடிக்கும் முன்பே வந்ததால் அவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை வரவில்லை. அந்த நிம்மதியை இன்றும் நான் மறக்கவில்லை.

சிசேரியன் தழும்பில் தங்கும் கரு 1978-இல்தான் மருத்துவ இதழ்களில் முதன்முதலாகப் பதிவானது. சிசேரியன்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அதை நாம் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். கருச்சிதைவு என்று எண்ணி, கரு இருக்கும் இடத்தை உறுதி செய்யாமல் டி அண்ட் சி (கர்ப்பப்பை வாயை விரித்து உட்புறத்தைச் சுரண்டி எடுப்பது) செய்வது அடக்க முடியாத உதிரப்போக்கில் கொண்டுபோய் விடும். ஸ்கேனில் பார்த்தபடியே உறிஞ்சி எடுப்பதா, தழும்பை வெட்டி எடுத்துத் திரும்பத் தைப்பதா என்பதை, முன்சுவரில் எஞ்சியிருக்கும் தசையின் தடிமனையும் கரு எந்தப் பக்கம் வளர்கிறது என்பதையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

வருத்தத்துடன் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். முன்பு மூலையில் அறுவை செய்துகொண்டு மீண்டும் கருவுற்று வந்த ஒருவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'எக்டோபிக் ஆபரேஷன்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தழும்பு பிரசவ வலியில் கிழியக்கூடியது. ஆகவே எந்த மூலை, எவ்வளவு ஆழம், அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலேயே ஸ்கேன், வலி எடுக்கும் முன்பே சிசேரியன் பற்றிய முடிவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, அப்பெண்ணின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் முன் வைத்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்