வேற்றுமை உருபும் வெற்று நாற்காலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில வாக்கியம் அமைக்கக் கற்பது பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய், பிறகு ஆங்கிலத்திலேயே யோசி, வாக்கியம் தானாக வரும் என்கிறது அது. நீச்சல் தெரியாதவனிடம் மீனைப் போல யோசி என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில், தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்த அட்டவணையை வகுப்பில் தலைகீழாக ஒப்பித்துப் பாராட்டு வாங்கியவன்தான் நானும். ஆனால் பள்ளியை விட்டு வரும்வரை ஒரு விடுப்புக் கடிதத்தைச் சொந்தமாக எழுத எனக்கு வரவில்லை.

அண்மையில் அக்காள் மகனின் ஆங்கில நோட்டு கைக்குக் கிடைத்தது. பக்கமெல்லாம் சிவப்பு வட்டங்கள். தொழில் புத்தி யாரை விட்டது? ஒவ்வொரு வட்டமாக நின்று பார்த்தேன். 'மை பிரதர் டாக்டர்', 'டு மீ ஹங்கிரி', 'ஐ யெஸ்டர்டே ஹிஸ் ஹவுஸ் வென்ட்'. மூன்றும் ஆங்கிலத்தில் தவறு. மூன்றையும் தமிழாக வாசித்தால் அப்பழுக்கில்லை. 'என் அண்ணன் டாக்டர்' என்பது வினைச்சொல்லே இல்லாத முழு வாக்கியம். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசித்தவன் நான்காம் வேற்றுமையில் இருக்கிறான். 'நான் நேற்று அவன் வீட்டுக்குப் போனேன்' என்பதில் வினை கடைசியில் வருகிறது. பையனுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று வட்டம் போட்டவர் நினைத்திருப்பார். இலக்கணம் அவனுக்கு நன்றாகவே தெரிகிறது. அது வேறு மொழியின் இலக்கணம், அவ்வளவுதான். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று துண்டுச் சீட்டுகளில் 'ஆசிரியர்', 'டாக்டரை', 'கூப்பிட்டார்' என்று எழுதி அவன் முன்னால் போட்டேன். கலைத்துப் போடச் சொன்னேன். ஆறு விதமாகவும் அடுக்கிப் பார்த்தான். அழுத்தம் இங்குமங்கும் நகர்ந்ததே தவிர, எல்லாவற்றிலும் கூப்பிட்டவர் ஆசிரியர்தான். டாக்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஐ', அவர் எங்கே போனாலும் கூடவே போகிறது. அடுத்து 'த டீச்சர்', 'கால்ட்', 'த டாக்டர்' என்று மூன்று சீட்டுகள். முதலாவதையும் கடைசியையும் மட்டும் இடம் மாற்றினேன். "இப்போது டாக்டர் அல்லவா டீச்சரைக் கூப்பிடுகிறார்?" என்றான். சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை; ஆனால் கூப்பிட்டவர் யார் என்பதே மாறிவிட்டது. நம் மொழியில் உருபு பார்க்கும் வேலையை அங்கே நாற்காலி, அதாவது சொல் உட்காரும் இடம், பார்க்கிறது. வினைக்கு முன் நாற்காலியில் இருப்பவர் எழுவாய். பின் நாற்காலியில் இருப்பவர் செயப்படுபொருள். அட்டவணைக்கு முன்னால் சொல்ல வேண்டியது இது.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதன் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொல்லின் கடைசி அசைகள் அழுத்தமின்றித் தேய்ந்துபோக, விகுதி பார்த்த வேலை வரிசையின் தலையில் விழுந்தது. 'ஐ – மீ', 'ஹி – ஹிம்' போன்ற சில இணைகள் அந்தக் காலத்தின் மிச்சம். ஆங்கிலத்துக்கு அச்சில் வந்த முதல் இலக்கணத்தை 1586-ல் வில்லியம் புல்லோக்கர் எழுதினார். லத்தீன் இலக்கணத்தின் அச்சில் ஆங்கிலத்தை வார்க்கப் பார்த்த நூல் அது. விகுதி உதிர்ந்த மொழியை விகுதி நிறைந்த மொழியின் கட்டங்களில் அடைக்கும் பழக்கம், நம் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தப் பன்னிரண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்தால் ஆங்கிலத்துக்கு இரண்டே காலம்: வாக், வாக்ட். எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டும். நடந்தான், நடக்கிறான், நடப்பான் என்று மூன்றையும் வினைக்குள்ளேயே வைத்திருக்கும் நாம், பன்னிரண்டைக் கண்டு மிரள்கிறோம்.

நாற்காலி விஷயம் பிடிபட்டதும் மற்றவை மளமளவென்று அவிழ்ந்தன. 'வந்தேன்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது; வந்தது யார் என்பதை அந்த 'ஏன்' சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லாததால் முன் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் அந்த 'இட்' யார் என்று பையன் கேட்டான். யாருமில்லை. ஆள் வராத இடத்தில் போட்டு வைத்த துண்டு அது.

கேள்வி கேட்பதும் அப்படித்தான். நாம் 'ஆ' ஒன்றை வேண்டிய சொல்லில் ஒட்டினால் போதும்: நீயா வந்தாய், நேற்றா வந்தாய், வந்தாயா. ஆங்கிலத்தில் ஒட்ட எதுவும் இல்லை, நாற்காலிகளை நகர்த்த வேண்டியிருக்கிறது. 'யூ ஆர்' என்பது 'ஆர் யூ' ஆகிறது. நகர்த்த ஒரு துணைவினை கிடைக்காதபோது 'டூ' என்ற கூலியாளைக் கொண்டுவருகிறார்கள். 'டிட் யூ கேம்' என்று எழுதும் பிள்ளைகளிடம் விதி எண் சொல்லிப் பயனில்லை. இறந்தகாலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டது, பின்னால் வரும் வினைக்கு இனி வெறுங்கை என்றால் அவர்களுக்குப் புரிகிறது.

நீண்ட தொடர்களில்தான் எனக்கே உண்மையான மகிழ்ச்சி. 'மேசை மேல் இருக்கும் புத்தகத்தின் அட்டை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'த கவர் ஆஃப் த புக் ஆன் த டேபிள்'. அட்டை, புத்தகம், மேல், மேசை: நம் வரிசையைக் கண்ணாடியில் காட்டியதுபோல் இருக்கிறது. நாம் விவரங்களையெல்லாம் அடுக்கிவிட்டு, முக்கியமான சொல்லைக் கடைசியில் வைக்கிறோம். அவர்கள் அதை முதலில் வைத்துவிட்டு விவரங்களைப் பின்னால் கோக்கிறார்கள். எனவே முழு வாக்கியம் எழுதத் திணறுகிறவருக்கு நான் சொல்லும் வழி: தமிழில் எழுவாயை எடுத்து வை, உடனே கடைசிக்கு ஓடி வினையை எடுத்து வை, பிறகு வாலிலிருந்து பின்னோக்கி நட. எல்லா இடத்திலும் இது சரிவராது. ஆனால் 'ஆங்கிலத்திலேயே யோசி' என்பதைவிடக் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம்: 'அ புக்', 'த புக்' என்பவற்றில் உள்ள 'அ'வும் 'த'வும் எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு உமது நாற்காலியில் விடை உண்டா? இல்லை. அதில் நானே இன்றும் தடுமாறுகிறேன். 'இன்', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொற்களுக்கும் படித்துப் படித்துப் பழகுவதைத் தவிர வழி தெரியவில்லை. அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவும் இல்லை. அதை முதல் நாளில் நீட்டாதீர்கள் என்கிறேன். அந்தக் கட்டுரையைத் தொடராக நீட்டும் எண்ணம் இருந்தால், இதழுக்கு ஒரு வாக்கியத்தை எடுத்து, தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டுங்கள்.

கடிதத்தை முடிக்கும் நேரத்தில் பையன் மறுபடி வந்து நிற்கிறான். "மாமா, 'ஹியர் கம்ஸ் த பஸ்' என்கிறார்களே, வருவது பஸ்தானே? அது ஏன் பின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது?" நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகன் ஒருவன்