பல்லுத் தெரியிற படம் ஒண்டு

முள்ளியவளை,
வெள்ளிக்கிழமை

மச்சான்,

நான் சுகம். தங்கச்சியின்ர கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதெண்டு கேள்விப்பட்டன், சந்தோசம். எட்டு மாதமாக் கடிதம் போடாததுக்கு நீ ஏசுற ஏச்சைப் பிறகு வாங்கிறன். இப்ப ஒரு அவசரம்.

செவ்வாய்க்கிழமை வாய்க்கால்கரை ஆச்சி வந்தா. 2023 இல கொக்குத்தொடுவாயில தண்ணிக் குழாய்க்கு வெட்டின இடத்தில எலும்பு வந்ததும், அடுத்த வருசம் கணக்கு 52 பேரில வந்து நிண்டதும் உனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு மனிசிக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. "சேர், நீங்கள் எலும்புப் புரொபசர்தானே, என்ர பெடியன் அதுக்குள்ள கிடந்தா அடையாளம் தெரியுமோ?" எண்டு கேட்டா. 1995 இல வீட்டை விட்டுப் போகேக்க அவனுக்கு 19.

முப்பது வருசமாப் படிப்பிச்ச பாடம்தான். 19 எண்டால் காறை எலும்பின்ர, அதுதான் கழுத்தடி எலும்பின்ர, நெஞ்சுப்பக்க முனை தண்டோட ஒட்டி முடிஞ்சிராது. உடம்பில கடைசியா ஒட்டிற இடம் அது, 30 வயசு வரைக்கும் இழுக்கும். ஆணோ பெண்ணோ எண்டதுக்கு இடுப்பெலும்பு. உயரத்துக்குத் தொடையெலும்பு. அதிலதான் எனக்கு எப்பவும் ஆத்திரம்: கனபேர் பாவிக்கிற சூத்திரம் 1952 இல, பெரும்பாலும் போரில செத்த அமெரிக்கப் படைவீரரை அளந்து எழுதினது. எங்கட பெடியளுக்கு எங்கட அளவு வேணுமெண்டு எத்தினை கூட்டத்தில கத்தியிருப்பன்!

ஆனா ஆச்சி நம்பி வந்தது வேற ஒண்டை. ஆறு வயசில மாமரத்தால விழுந்து அவன்ர இடக்கை முறிஞ்சது. "அந்த முறிவு இருக்கும்தானே சேர்?" எண்டா. எலும்பு சும்மா கிடக்கிற சாமான் இல்லை மச்சான். பழசைக் கரைக்கிற கலமும் புதுசு கட்டிற கலமும் ஓயாமல் வேலை செய்யும். பெரிய ஆக்களிலேயே வருசத்துக்குப் பத்திலொரு பங்கு புதுசாகும். வளருற பிள்ளையில, நேரா வைச்சுக் கட்டின முறிவு 13 வருசத்தில தடமே இல்லாமல் போயிடலாம். நாட்டு வைத்தியர் அவன்ர கைக்குப் போட்ட கட்டைப் பற்றி இவ்வளவு காலமும் பெருமையாச் சொல்லித் திரிஞ்ச மனிசி. அந்த நல்ல கட்டுத்தான் அடையாளத்தை அழிச்சிருக்கும் எண்டு எப்பிடிச் சொல்ல? சொன்னன். தேத்தண்ணியையும் தொடாமல் இருந்தா.

மரபணுச் சோதனைக்குத் தாயின்ர இரத்தம் உதவும். ஆனா அது இழுபட்டால், அவவுக்கு 78 ஆச்சு, முடிவு வரேக்க இருப்பாவோ தெரியாது. அதாலதான் பல்லைப் பற்றிக் கேட்டன். முன்பல்லு ஒண்டு மற்றதுக்கு மேல ஏறி நிக்குமாம். சிரிச்ச படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாக்கலாம். அவவிட்ட ஒரு படமும் இல்லை, 2009 கடைசிச் சண்டையில மாத்தளன் வரைக்கும் காவின பையோட எல்லாம் போச்சு.

உன்ர ஸ்ரூடியோ நெகட்டிவ் போட்ட தகரப்பெட்டி இன்னும் இருக்கோ? கொக்குவில் அறையில என்ர எலும்புப் பெட்டிக்குப் பயந்து விறாந்தையில படுத்தவன் நீ. இண்டைக்கு எனக்கு உன்ர பெட்டிதான் வேணும். அவன்ர 1992 ஓஎல் சோதனை வகுப்புப் படத்தைத் தேடு. "வாயை மூடு, வாயை மூடு" எண்டு உறுக்கித்தானே எல்லாரையும் எடுப்பாய். உன்ர சொல்லுக் கேளாமல் ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு நிண்டால் நெகட்டிவையே அனுப்பு, சட்ட வைத்தியரிட்ட நானே கொண்டுபோய்க் குடுப்பன். பின்வரிசை, இடப்பக்கமிருந்து மூண்டாவது எண்டு ஆச்சி சொல்லுறா.

எலும்பன்