சிஸ்டரம்மாவுக்கு, மொட்டை மாடி விஷயமாக

அன்புள்ள சிஸ்டரம்மா,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாடியில் நாங்கள் நடத்தும் ஹாலோவீன் பேய்க் கதைக் கூட்டத்தைப் பற்றி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னீர்கள்: "இந்த வருஷம் வேணாம் கண்ணு, பேச்சு வருது." சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். யார் பேசினார்கள் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. நேரில் வந்து பேசினால் நீங்கள் டீ போட உள்ளே போய்விடுவீர்கள், நானும் வேறு எதையாவது பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், உங்களிடம் பேசியவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

என்ன பேச்சு என்று தெருமுனைக் கடையில் என் காதிலும் விழுந்தது. சாத்தானுக்குப் பண்டிகை கொண்டாடுகிறார்களாம், அதுவும் ஒரு கிறிஸ்தவ வீட்டு மாடியில். இன்னொரு பக்கம், வெள்ளைக்காரன் பேய்க்கு வேலூர் விருதம்பட்டில் என்ன வேலை என்று கேட்கிறார்களாம்.

நாங்கள் பதினேழு பேர். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், காட்பாடியில் படிக்கிறவர்கள், உங்களுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கும் மெடிக்கல் ஷாப் அண்ணன், அரக்கோணத்திலிருந்து ரயில் பிடித்து வரும் ஒரு பையன். செகண்ட் ஷோ முடிந்து ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்காமல், படத்தில் வந்த பேய் ஏன் பயமுறுத்தவில்லை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோமே, அங்கேதான் இந்தக் கூட்டம் ஆரம்பித்தது. முதலில் ஒரு சின்ன ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். எதற்கு என்று கேட்டார்கள், மறைக்காமல் சொன்னோம். மறுநாளே அட்வான்ஸ் திரும்பி வந்தது. அப்போது நீங்கள்தான், "மாடி சும்மாதானே கிடக்குது" என்றீர்கள்.

போன வருஷம் அக்டோபரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் மாடி எங்களுடையதாக இருந்தது. ஒரு சனிக்கிழமை வேட்டியைத் திரையாகக் கட்டி, 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ஓர் ஊமைப்படம் பார்த்தோம். கதையை அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்கு நடந்து, பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட படம் அது. எப்படியோ தப்பிய பிரதிகளால்தான் நூறு வருஷம் கழித்து விருதம்பட்டில் ஒரு வேட்டியில் ஓடியது. நீளமான விரல்களோடு அந்த ரத்தம் குடிக்கும் பிரபு மாடிப்படி ஏறும்போது எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். பின்னால் நாற்காலியிலிருந்து நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "இவ்ளோ இளைச்சுப் போயிருக்கானே, பார்த்துக்க யாருமே இல்லையா?" அன்றைக்கு அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியவில்லை.

சாத்தான் பேச்சுக்கு வருகிறேன். நீங்கள் அறியாதது இல்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாலோவீன் என்ற பெயருக்குள்ளேயே உங்கள் கோயில் இருக்கிறது. நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா. பழைய ஆங்கிலத்தில் புனிதரை 'ஹாலோ' என்பார்கள். அந்தத் திருநாளுக்கு முந்தைய மாலை 'ஹாலோஸ் ஈவ்', அது வாயில் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. அதற்கும் முன்னால், அயர்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைக் கொண்டாடியிருக்கிறார்கள். அன்று ராத்திரி செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று நம்பி நெருப்பு மூட்டினார்கள். இங்கிலாந்தில் கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஐ ஒட்டி ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வார்கள், வீட்டுக்காரர்கள் ஒரு சின்ன கேக் கொடுப்பார்கள். ஆன்மா கேக் என்றே அதற்குப் பெயர். இன்றைக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டுப் போகிறார்களே, அதன் பழைய வேர்களில் இதுவும் ஒன்று என்கிறார்கள். போன வருஷம் எங்கள் கூட்டத்தோடு வந்த வாண்டுகளுக்கு நீங்கள் ரவா உருண்டை கொடுத்து, "எங்க வீட்டுக்காரருக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடு" என்றீர்கள். அதை நீங்கள் எங்கும் படித்துச் செய்யவில்லை.

அப்புறம், அந்தப் பரங்கிக்காய். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள் அங்கே கிடைத்த பரங்கிக்காயைக் குடைந்தார்கள். நாம் வைத்த பெயரே சொல்கிறது பாருங்கள், நமக்கும் அது கடல் தாண்டி வந்த காய்தான். நேதாஜி மார்க்கெட்டில் நான் முழுக்காய் கேட்டபோது கடைக்கார அம்மா, "முழுசா இன்னாத்துக்கு, கீத்து போட்டுத் தரேன்" என்று கத்தியை எடுத்துவிட்டார். கெஞ்சித்தான் வாங்கிவந்தேன். நம்மூர்க் காய் தட்டையாக, தோல் கல் மாதிரி இருக்கும். மூடியைத் திறப்பதற்குள் இரண்டு கத்தி வளைந்துவிட்டது. நீங்கள் வந்து காயை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, எவர்சில்வர் கரண்டியின் ஓரத்தால் உள்ளே சுற்றிச் சுற்றி வழித்தீர்கள். நாரும் விதையும் ஒரு தட்டில், சதை இன்னொரு தட்டில். கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்து மூடினால் உடனே அணைந்துபோனது. "அதுக்கு மூச்சு வேணாமா?" என்று பின்பக்கம் ஓட்டை போட்டுக் கொடுத்தீர்கள். அப்புறம் அது நின்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்சதை சூடேறி அரைவேக்காட்டுப் பாயசம் போல ஒரு வாசனை வந்தது. மறுநாள் மதியம் அந்தச் சதைதான் உங்கள் வீட்டில் புளிக்குழம்பு, விதை முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் பேய் என்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் மாடியின் கிழக்கு மூலையில் வந்து நின்று பாலாற்றைப் பார்க்கட்டும். மாசியில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் அந்தக் கரையில் மயானக் கொள்ளை நடக்கிறது. அங்காளம்மன் சுடுகாட்டுக்கு வருகிறாள். ஊரே வேஷம் கட்டிக்கொண்டு பின்னால் போகிறது. எனக்கு ஆறு வயது, அப்பா தோளில் இருந்தேன். நீல முகம், தொங்குகிற சிவப்பு நாக்கு, இடுப்பில் வேப்பிலை, கையில் சூலம். அந்தக் காளி எங்களுக்கு நேராக வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது, அது எங்கள் தெருவில் தினமும் கீரை விற்கிற அண்ணன் என்று. ஆள் தெரிந்த பிறகு பயம் போக வேண்டும் இல்லையா? கூடிப்போனது. மறுநாள் காலையில் அவர் கீரைக் கட்டோடு வாசலில் வந்து நின்றபோது நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் எந்தப் பேய்க் கதையிலும் தேடுவது அந்தச் சிரிப்பைத்தான். படார் என்று சத்தம் போட்டுத் தூக்கிப் போட வைக்கிற படங்கள் எனக்குப் பிடிக்காது. அது வெறும் அதிர்ச்சி. கடையில் விற்கிற ரப்பர் மண்டை ஓடும் பாட்டில் ரத்தமும் அப்படித்தான், அதனால்தான் அவற்றை மாடி ஏற்றவே இல்லை.

நம்முடைய பெரிய ராத்திரியைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. 2024-இல் அக்டோபர் 31 அன்றே தீபாவளி வந்துவிட்டது. வீட்டை விட்டு யாரால் வர முடியும்? அதனால் மறுநாள், நவம்பர் 1 வெள்ளிக்கிழமை ராத்திரிக்குக் கதை சொல்வதைத் தள்ளிவைத்தோம். மாடி முழுக்கப் பட்டாசுக் காகிதம், காற்றில் இன்னும் வெடிமருந்து வாசனை, தூரத்தில் மிச்சம் மீதியைக் கொளுத்துகிறவர்களின் சத்தம். நடுவில் உங்கள் அரிக்கேன் விளக்கு மட்டும். போன் எல்லாம் ஒரு கூடையில். சினிமாக் கதை கூடாது, அவரவர் வீட்டில் சொன்ன கதையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

அரக்கோணத்துப் பையன் பழையனூர் நீலியைச் சொன்னான். அவனுக்குத் திருவாலங்காடு பக்கம்தான், பாட்டி சொன்ன கதை. தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வர, நீலி கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி மாதிரி ஊர்ச் சபையில் வந்து நிற்கிறாள். இவள் பேய் என்று அவன் அலறுகிறான். ஊரார் எழுபது பேர், உன் உயிருக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். அவன் கதையை நீலியோடு நிறுத்தவில்லை. அந்த எழுபது வீட்டிலும் அன்றைக்குக் காலையில் யார் யார் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். எனக்கு அங்கேதான் உடம்பு சில்லிட்டது.

ஒரு பெண் வேலூர்க் கோட்டையைப் பற்றித் தொடங்கினாள். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்ததையும், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு நடந்த பழிவாங்கலையும் சொல்லி, அங்கே இன்னும் ராத்திரியில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது என்று முடிக்கப் பார்த்தாள். நீங்கள்தான் தடுத்தீர்கள். "அவங்க எல்லாம் யாரோ பெத்த பசங்க கண்ணு. வெறும் சத்தமா ஆக்கிடாத." அவள் கோபப்படவில்லை. நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"எனக்குப் பேய்க் கதை தெரியாது. நைட் டியூட்டிதான் தெரியும்," என்று தொடங்கினீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக நீங்கள் சேர்ந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், கூட வந்த தம்பி லாட்ஜுக்குத் தூங்கப் போயிருக்கிறான். ராத்திரி மூன்று மணிக்கு மேல் அவர் மூச்சு குறைகிறது. அவர் பேசுவது உங்களுக்குப் புரியவில்லை, நீங்கள் பேசுவது அவருக்கு. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உயிர் போன பிறகும், கையில் சூடு இருக்கிறவரை விடவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்தக் கட்டிலின் பெல் ராத்திரி மூன்றே காலுக்கு அடித்தது. கட்டிலில் ஆள் இல்லை. மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். நீங்கள் ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து போய், "வந்துட்டேன்" என்று சொல்லி, பெல்லை நிறுத்திவிட்டு, ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

"எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஒயர்தான் கெட்டுப்போச்சு, மாத்தினதும் நின்னுடுச்சு," என்றீர்கள்.

ஒயர் என்று தெரியாமலா போனீர்கள் என்று மெடிக்கல் ஷாப் அண்ணன் கேட்டார்.

"மொத நாளே தெரியும். ஆனா பெல் அடிச்சா போகணும் இல்ல?"

அதற்குப் பிறகு யாரும் கதை சொல்லவில்லை. விளக்கின் திரி கருகுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

விடிந்தால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வருகிறவர்கள் வாருங்கள் என்றீர்கள், பதினோரு பேர் வந்தோம். சுடுகாடு, கல்லறை என்றாலே படம் எடுத்துத் தள்ளுகிற எங்கள் பிள்ளைகள் அன்றைக்குப் போனை வெளியே எடுக்கவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் கல்லறையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். மங்கிப்போயிருந்த எழுத்துகளின் மேல் நான் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பு பெயிண்ட் ஓட்டினேன். சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போன பிறகு நீங்கள் பக்கத்து மேட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுபோனீர்கள். அங்கே சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. யாருடையது என்று கேட்டேன். "தெரியாது. பக்கத்துல இருக்காங்க இல்ல," என்றீர்கள்.

சிஸ்டரம்மா, பயப்படப் பிடித்துத்தான் நாங்கள் ஒன்று சேர்ந்தோம், இன்னும் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெல் அடித்தால் எழுந்து போக வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியதில்லை. உங்கள் மாடியில் சாத்தானைத் தேடுகிறவர்களுக்கு அன்று ராத்திரி அங்கே என்ன நடந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மாடியைக் கேட்டு உங்களை வற்புறுத்தப் போவதில்லை. அந்தத் தெருவில் நாளைக்கும் இருக்கப் போவது நீங்கள், நாங்கள் இல்லை. மெடிக்கல் ஷாப் அண்ணன் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை, 31-ஆம் தேதி, ராத்திரி ஏழு மணி. கை வைத்த நாற்காலி ஒன்று போட்டு வைப்போம், வந்தால் அது உங்களுக்கு. மாடியே பரவாயில்லை என்று மனசு மாறினால் ஒரு போன் போதும், காயைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறோம்.

31-ஆம் தேதி எப்படிப் போனாலும், 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு உங்கள் கேட் அருகே நிற்போம். வாளி, துடைப்பம், சுண்ணாம்பு, கறுப்பு பெயிண்ட் எல்லாம் எங்கள் பொறுப்பு. மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டேன், பக்கத்து மேட்டுக்கும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் கண்ணு